வீட்டுக்குள்ள டவர் எடுக்கலயா? காச வீணாக்காம சரி பண்ற வழி

மொட்டை மாடில நின்னா ஃபுல் பாயிண்ட், வாசல்ல மூணு, ஹால்ல ஒண்ணு, உள் ரூமுக்குப் போனா எமர்ஜென்சி கால் மட்டும்தான்னு காட்டும். சென்னை புறநகர்ல கிரவுண்ட் ஃப்ளோர்ல, பக்கத்து வீட்டு செவுத்துக்கும் நம்ம செவுத்துக்கும் நடுவுல மூணடி கூட இடம் விடாத தெருவுல குடியிருக்கறவங்களுக்கு இது தினப்படி பாடு. எங்க வீட்டுல இதோட ரொம்ப நாள் மல்லுக்கட்டித்தான் ஒரு வழிக்கு வந்துச்சு. எதை முதல்ல பண்ணணும், எதைக் கடைசில பண்ணணும்னு வரிசையா சொல்ல ஆளில்ல, கடைக்காரர் ஒண்ணு சொல்வாரு, கஸ்டமர் கேர்ல போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னு மட்டும் சொல்வாங்க. அதான் எழுதறேன். கீழ இருக்கற வரிசையிலயே போங்க, ஏன்னா ஆரம்ப ஸ்டெப்புக்கெல்லாம் அனேகமா செலவே இல்ல, பாதிப் பேருக்கு அங்கயே பிரச்சனை முடிஞ்சுரும்.

1. முதல்ல அளந்து எழுதி வைங்க

போன்ல மேல தெரியற பாயிண்ட்டை நம்பாதீங்க. ஒரு போன்ல மூணு காட்டுற இடத்துல இன்னொரு போன் ரெண்டு காட்டும், எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கணக்குன்னு ஒண்ணு கிடையாது. பாக்க வேண்டியது டிபிஎம்ங்கற நம்பர், சிக்னல் எவ்வளவு பலமா வருதுங்கற அளவு அது. ஆண்ட்ராய்டுல செட்டிங்ஸ், அபவுட் போன், அதுக்குள்ள சிம் ஸ்டேட்டஸ்னு போனா சிக்னல் ஸ்ட்ரென்த்ங்கற இடத்துல "-97 டிபிஎம் 43 ஏஎஸ்யூ" அப்படின்னு ஒரு வரி இருக்கும், அதுல முதல் நம்பர் மட்டும் போதும். ஐபோன்ல டயல் பேட்ல *3001#12345#* போட்டு கால் பட்டனை அமுக்கினா ஃபீல்ட் டெஸ்ட் ஸ்க்ரீன் வரும், அதுல ஆர்எஸ்ஆர்பின்னு இருக்கறதுதான் இந்த நம்பர்.

மைனஸ்ல இருக்கறதால நம்பர் பெருசானா சிக்னல் மோசம்னு அர்த்தம். 4ஜில -80ல இருந்து -95 வரைக்கும் நல்லா இருக்கும், -105 தாண்டினா பேச்சு விட்டு விட்டு வரும், -115க்கு மேல போயிட்டா கால் வர்றதே அதிர்ஷ்டம்தான். சிக்னல் பத்து டிபி கொறஞ்சா, அதாவது -84 இருந்தது -94 ஆனா, பத்துல ஒரு பங்கு ஆயிருச்சுன்னு கணக்கு, இருவது கொறஞ்சா நூத்துல ஒரு பங்கு. மாடில -84, ஹால்ல -104னா வீடு மட்டுமே நூத்துல தொண்ணூத்தொம்பது பங்க முழுங்கிருச்சுன்னு அர்த்தம். அப்ப டவர் மேல தப்பு இல்ல, கட்டடம்தான் காரணம். மாடிலயே -112 இருந்தா கதையே வேற, அந்தக் கம்பெனிக்கு உங்க ஏரியால டவர் தூரம், வீட்டுக்குள்ள என்ன பண்ணாலும் டவர் சிக்னல் பெருசா மாறாது, வீட்டுல பிராட்பேண்ட் இருந்தா 3வது ஸ்டெப்பைப் பாருங்க, இல்லன்னா நேரா 7வது ஸ்டெப்புக்குப் போயிருங்க.

ஒரு பேப்பர்ல மாடி, வாசல், ஹால், கிச்சன், ஒவ்வொரு பெட்ரூம்னு எழுதி, காலைல ஒரு தடவை, ராத்திரி எட்டு ஒம்பது மணி வாக்குல ஒரு தடவை குறிச்சுக்கோங்க. வீட்டுல ரெண்டு மூணு கம்பெனி சிம் இருந்தா எல்லாத்தையும் எழுதுங்க. இந்தப் பேப்பரை பத்திரமா வச்சுக்கோங்க, பின்னாடி கம்ப்ளைன்ட் பண்றப்போ இதுதான் கை குடுக்கும்.

நம்பர் நல்லா இருக்கு, -85 காட்டுது, ஆனா ராத்திரி மட்டும் நெட் சுத்திக்கிட்டே இருக்குன்னா அது சிக்னல் பிரச்சனையே இல்ல, டவர்ல கூட்டம். வீட்டுக்குள்ள எதை மாத்தினாலும் அது சரியாகாது. இந்த வித்தியாசம் தெரியாமதான் நிறைய பேர் கண்டதை வாங்கறாங்க.

எது சிக்னலைத் தின்னுதுன்னும் ஒரு பார்வை பாத்துருங்க. கம்பி கட்டின கான்கிரீட் தளம், தகரக் கூரை, வெயிலுக்காக மாடில கூரைக்கு அடில அடிக்கிற அலுமினிய ஃபாயில், கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கற ரிஃப்ளெக்டிவ் கிளாஸ், கொசுவுக்கு அடிக்கிற ஸ்டீல் வலை, இதெல்லாம்தான் பெரிய எதிரி. கட்டிலுக்குப் பக்கத்துல இரும்பு பீரோ நின்னா அதுக்குப் பின்னாடி இன்னும் மோசமா இருக்கும். வலையை நைலான் வலையா மாத்தறது சின்ன செலவு, அது மட்டும் பண்ணலாம், கான்கிரீட்டை ஒண்ணும் பண்ண முடியாது.

2. போனையும் சிம்மையும் சரி பாருங்க

போன் கவர் பின்னாடி மேக்னட்டோ இரும்புத் தகடோ (கார் ஹோல்டருக்கு ஒட்டுவாங்களே அது) இருந்தா கழட்டிட்டு ஒரு தடவை அளந்து பாருங்க. அப்புறம் செட்டிங்ஸ்ல வோல்ட்டீ (4ஜி வழியாவே கால் பேசற வசதி) ஆன்ல இருக்கான்னு பாருங்க, ஆஃப்ல இருந்தா 4ஜி சிக்னல் இருந்தும் கால் பழைய 2ஜிக்குப் போய் நிக்கும், ஜியோல 2ஜியே கிடையாதுங்கறதால கால் போகவே போகாது.

5ஜி போன் வச்சிருக்கறவங்க வீட்டுக்குள்ள இருக்கறப்போ நெட்வொர்க் மோடை 4ஜிக்கு மாத்திப் பாருங்க. 5ஜி பெரும்பாலும் 3300 மெகாஹெர்ட்ஸுக்கு மேல ஓடுது, அது செவுத்தைத் தாண்டி வர்றதுல ரொம்ப வீக். 4ஜில ஜியோவுக்கு 850, ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா) ரெண்டுக்கும் 900னு சின்ன அலைவரிசை இருக்கு, அதுதான் செவுரு தாண்டும். போன் 5ஜிக்கும் 4ஜிக்கும் மாறி மாறித் தாவறதுலயே சார்ஜும் காலியாகும், கால் கட்டாகவும் செய்யும். இது ஒரு நிமிஷ வேலை, எங்க வீட்டுல கிச்சன்ல இதுலயே பேச முடிஞ்சுது.

சிம் பழசா இருந்தா, பல வருஷம் முன்னாடி வாங்கி வெட்டி வெட்டி நானோ சைஸாக்கினதா இருந்தா, கம்பெனி ஸ்டோருக்குப் போய் புது சிம் மாத்திக்கோங்க. ஆதார் எடுத்துட்டுப் போங்க, சிம் யார் பேர்ல இருக்கோ அவங்களே போகணும். சில இடத்துல ஃப்ரீ, சில இடத்துல சின்ன தொகை கேப்பாங்க. ரெண்டு விஷயம் ஞாபகம் வச்சுக்கோங்க. சிம் மாத்தின பிறகு 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது போகாது, பாதுகாப்புக்காக அப்படி நிறுத்தி வைப்பாங்க, அதனால பேங்க் வேலை, ட்ரெயின் டிக்கெட் எதுவும் இருக்கற நாள்ல மாத்தாதீங்க. இன்னொண்ணு, சிம் மாத்தினா ஏழு நாளைக்கு போர்ட் பண்ண (அதே நம்பரோட வேற கம்பெனிக்கு மாற) முடியாது, 2024 ஜூலைல இருந்து இந்த ரூல். ஆக, போர்ட் பண்ணலாமான்னு யோசனை இருந்தா முதல்ல சிம் மாத்தி நாளைக் கடத்தாதீங்க.

பேட்டரிக்கு அடில ஒட்டுற சிக்னல் ஸ்டிக்கர்னு அம்பது நூறு ரூபாய்க்கு விப்பாங்க. அதுல எதுவுமே கிடையாது, வாங்காதீங்க.

3. வைஃபை காலிங்: உண்மையான தீர்வு இதுதான்

வீட்டுல பிராட்பேண்ட் இருக்குன்னா மீதி எதையும் படிக்கறதுக்கு முன்னாடி இதைப் பண்ணிருங்க. வோவைஃபைன்னும் சொல்வாங்க. உங்க கால் டவர் வழியா போகாம வீட்டு வைஃபை வழியா கம்பெனிக்குப் போயிரும், அதே நம்பர், அதே டயலர், எதிர்ல இருக்கறவங்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, தனி ஆப் தேவையில்ல, தனி சார்ஜும் இல்ல, உங்க ப்ளான்ல இருக்கற கால்தான். ஏர்டெல் 2019 டிசம்பர்லயும், ஜியோ 2020 ஜனவரிலயும் ஆரம்பிச்சாங்க, வி 2020 கடைசில கொண்டு வந்துச்சு, பிஎஸ்என்எல்லும் இப்ப குடுக்குது. இவ்வளவு வருஷம் ஆகியும் இப்படி ஒண்ணு தன்னோட போன்லயே இருக்குன்னு தெரியாதவங்கதான் அதிகம், அதைப் பாக்கறப்போதான் எனக்கு மனசு கேக்கல.

ஆன் பண்றது: ஆண்ட்ராய்டுல செட்டிங்ஸ், நெட்வொர்க், சிம், அதுல வைஃபை காலிங். சாம்சங்ல கனெக்ஷன்ஸ்க்குள்ள இருக்கும், ரெட்மி மாதிரி போன்ல சிம் செட்டிங்ஸ்ல "வைஃபை மூலமா கால் பண்ணு"ங்கற மாதிரி ஒரு ஸ்விட்ச். ஐபோன்ல செட்டிங்ஸ்ல மொபைல் சர்வீஸ் உள்ள. ரெண்டு சிம் போட்டிருந்தா ரெண்டுக்கும் தனித்தனியா ஆன் பண்ணணும், இதை நிறைய பேர் விட்டுடறாங்க. இடம் தெரியலன்னா செட்டிங்ஸ் மேல இருக்கற சர்ச்ல வைஃபை காலிங்னு அடிங்க. "வைஃபையா மொபைல் நெட்வொர்க்கா, எதுக்கு முன்னுரிமை"ன்னு கேட்டா வைஃபையைக் குடுங்க.

வேலை செய்யுதான்னு பாக்க ஒரு வழி இருக்கு. ஏரோப்ளேன் மோடைப் போடுங்க, சிம் சிக்னல் மொத்தமா போயிரும், இப்ப வைஃபையை மட்டும் ஆன் பண்ணுங்க. ஒரு நிமிஷம் கழிச்சு மேல சிம் பக்கத்துல வோவைஃபைன்னோ, ரிசீவர் படத்தோட வைஃபை கோடோ தெரியும். யாருக்காவது கால் பண்ணிப் பாருங்க, அவங்களையும் திருப்பிக் கூப்பிடச் சொல்லுங்க. ரெண்டும் போனா செட்டிங் சரியா உக்காந்துருச்சு. சாதாரண மோட்லயே வைங்க, ஆனா செத்த சிக்னலைப் பிடிச்சுட்டு போன் வைஃபைக்கு வர மாட்டேங்குதுன்னா (மைனஸ் 112, 115ல இப்படித்தான் இழுத்துக்கிட்டே கிடக்கும்) வீட்டுல இருக்கற வரைக்கும் ஏரோப்ளேன் மோட் கூட வைஃபைன்னே வச்சுக்கலாம். அம்மா போனுக்கு இதைத்தான் பண்ணி வச்சிருக்கோம், வெளில கிளம்பறப்போ ஏரோப்ளேன் மோடை எடுத்து விடணும்ங்கறது மட்டும் பழக்கத்துக்கு வரணும்.

அப்புறம் எஸ்எம்எஸ். பெரும்பாலான போன்ல வைஃபை காலிங்ல இருக்கறப்போ ஓடிபியும் வந்துரும். சில பழைய மாடல்ல வராது, இல்ல லேட்டா வரும். சிலிண்டர் டெலிவரி பண்ற தம்பி வாசல்ல நின்னு அந்த நாலு நம்பர் கோடு கேக்கறப்போ போனைத் தூக்கிட்டு தெருவுல அலையாம இருக்கணும்னா, முன்னாடியே ஏரோப்ளேன் மோட்ல வச்சு வேற போன்ல இருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிப் பாத்துக்கோங்க.

எல்லாம் ஆன்ல இருந்தும் வரலன்னா பாக்க வேண்டியது: விபிஎன் ஓடுனா நிறுத்துங்க. விளம்பரத்தைத் தடுக்க பிரைவேட் டிஎன்எஸ் போட்டிருந்தா எடுத்துட்டுப் பாருங்க. போன் அப்டேட்ஸ் எல்லாம் போடுங்க. துபாய்ல இருந்தோ அமெரிக்கால இருந்தோ சொந்தக்காரங்க கொண்டு வந்த ஆண்ட்ராய்டு போனா இருந்தா நம்ம ஊர் கம்பெனிகளுக்கு இந்த வசதியே திறந்திருக்காம இருக்கலாம், ஸ்டோர்ல மாடல் நம்பரைச் சொல்லிக் கேளுங்க. லோக்கல் கேபிள்காரர் குடுக்கற நெட்டா இருந்தா இன்னொரு சிக்கல் உண்டு, இந்தக் கால்கள் யூடிபி 500, 4500ங்கற ரெண்டு போர்ட் (நெட்ல இருக்கற வாசல் மாதிரி) வழியாத்தான் போகும், அவர் ரவுட்டர்ல அது அடைச்சிருந்தா கால் போகாது. இந்த ரெண்டு நம்பரையும் எழுதிக் குடுத்து "இதைத் திறந்து விடுங்க"ன்னு சொல்லுங்க, "வைஃபை காலிங் வேலை செய்யல"ன்னு பொத்தாம்பொதுவா சொன்னா மொபைல் கம்பெனியைக் கேளுங்கன்னு கையை விரிச்சுருவாங்க.

பேசிக்கிட்டே வெளில நடந்தீங்கன்னா கேட்டைத் தாண்டறப்போ சில நேரம் கால் கட்டாகும், அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. அவசரத்துக்கு 112 கூப்பிட இந்த வைஃபை காலை நம்ப வேணாம், போன்ல எந்தக் கம்பெனி டவர் கிடைச்சாலும் அது வழியா 112 போகும், முடிஞ்சா வாசலுக்கு வந்து கூப்பிடுங்க.

4. வைஃபை வீடு முழுக்க வரணும், கரண்ட் போனாலும் நிக்கணும்

பிராட்பேண்ட் இல்லாதவங்க ஒரு கனெக்ஷன் எடுத்துட்டா போதும். பேசறதுக்கு ரொம்பக் கொஞ்சமாத்தான் ஸ்பீடு செலவாகும், இருக்கறதுலயே குறைஞ்ச ப்ளான் தாராளம். ஜியோ ஃபைபர்ல 30 எம்பிபிஎஸ் ப்ளான் 399 ரூபாய்னு போட்டிருக்கும், 18 சதவீதம் ஜிஎஸ்டி சேத்தா 471 வரும். விளம்பரத்துல போடற ரேட் எல்லாமே ஜிஎஸ்டி இல்லாம போடறதுதான், கூட்டிப் பாத்துக்கோங்க. ஆதார், வாடகை வீடுன்னா அக்ரிமென்ட் காப்பி கேப்பாங்க. செவுத்துல ஓட்டை போடணும்ங்கறதால ஹவுஸ் ஓனர்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டுருங்க, ஆள் வந்து ட்ரில்லரோட நிக்கறப்போ போன் பண்ணிக் கேட்டா சண்டைதான் வரும். ஃபைபர் ஏற்கனவே தெருவுல ஓடுதுன்னா ரெண்டு மூணு நாள்ல போட்டுருவாங்க.

கனெக்ஷன் குடுக்க வர்றவர் வாசல் பக்கமா, கேபிள் நுழையற எடத்துலயே ரவுட்டரை மாட்டிட்டுப் போகத்தான் பாப்பாரு. விடாதீங்க. சிக்னல் செத்துக் கிடக்கற ரூமுக்கும் ஹாலுக்கும் நடுவுல, தலை உயரத்துல மாட்டச் சொல்லுங்க, கூட ஆகற கேபிளுக்கு கொஞ்சம் காசு கேட்டாலும் பரவால்ல. டிவி ஸ்டாண்டுக்குள்ள, பீரோ மேல வைக்கவே கூடாது. உள் ரூமுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் எட்டலன்னா போனை 2.4ல கனெக்ட் பண்ணுங்க, ஸ்பீடு குறையும், ஆனா செவுரு தாண்டும்.

அப்பவும் எட்டலன்னா, முதல்ல விலை கொறைஞ்ச வழி: வீட்டுல சும்மா கிடக்கற பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோட்ல போட்டு, மெயின் ரவுட்டர்ல இருந்து ஒரு கேட் 6 லேன் கேபிள் இழுத்து உள் ரூம்ல வைக்கறது. கேபிள் மீட்டர் இருவது முப்பது ரூபாய்க்குள்ள ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கும், ரெண்டு முனையும் கிரிம்ப் பண்ணிக் குடுக்கச் சொல்லுங்க. புது ரவுட்டர் வாங்கினா ஆயிரத்துல இருந்து ஆயிரத்தைநூறு. ப்ளக்ல சொருகற ரிப்பீட்டரும் அதே விலைக்கு வருது, ஆனா அது வாங்கற வைஃபையே வீக்கா இருந்தா வீக்காத்தான் திருப்பிக் குடுக்கும், கேபிள்தான் நிலையானது. பெரிய வீடு, மாடி வீடுன்னா மெஷ் செட் வாங்கலாம், ரெண்டு யூனிட் நாலாயிரத்துல இருந்து ஆறாயிரம் வரைக்கும் ஆகும்.

இப்ப முக்கியமான விஷயம். கரண்ட் போனா ரவுட்டர் அணையும், ரவுட்டர் அணைஞ்சா போனும் போச்சு. மழை நாள்ல, புயல் நாள்லதான் கரண்ட் போகும், அன்னிக்குத்தான் போனும் அவசியம். ரவுட்டருக்குன்னே மினி யுபிஎஸ் இருக்கு, ஆயிரத்து இருநூறுல இருந்து ரெண்டாயிரத்துக்குள்ள. ரவுட்டர் அடாப்டர்ல எழுதியிருக்கறதைப் படிச்சுட்டுப் போங்க, பெரும்பாலும் 12 வோல்ட்டா இருக்கும், ஆம்பியர் 1, 1.5, 2ன்னு மாறும், யுபிஎஸ் அதுக்கு சமமாவோ கூடவோ குடுக்கணும். ஃபைபர் பாக்ஸ் தனி, ரவுட்டர் தனின்னு ரெண்டா இருந்தா ரெண்டுக்கும் பவர் வேணும், ரெண்டு அவுட்புட் இருக்கற மாடலா கேளுங்க. வீட்டுல இன்வெர்ட்டர் இருந்தா அந்த லைன்ல இருக்கற ப்ளக்ல மாட்டிட்டா முடிஞ்சுது.

ஆனா கனெக்ஷன் எடுக்கறதுக்கு முன்னாடியே ஒண்ணு கேக்கணும்: வீட்டுக்குள்ள வர்றது ஃபைபரா, லேன் கேபிளா? ஃபைபர் நேரா வீட்டுக்குள்ள பாக்ஸ் வரைக்கும் வந்தா வழில தெருவுல கரண்ட் தேவையில்ல, உங்க வீட்டு யுபிஎஸ் ஓடற வரைக்கும் நெட் இருக்கும். சில லோக்கல் ஆளுங்க நாலு வீடு தள்ளி ஒரு ஸ்விட்ச் பாக்ஸ் வச்சு அங்க இருந்து லேன் கேபிளை இழுத்து விடுவாங்க, ஏரியால கரண்ட் போனா அந்தப் பாக்ஸ் அணைஞ்சுரும், நீங்க எத்தனை யுபிஎஸ் வச்சாலும் பிரயோஜனம் இல்ல. இதைக் கேட்டுட்டு காசு கட்டுங்க.

5. ஃபைபரே வராத ஏரியான்னா

புது லேஅவுட், ஊருக்கு வெளில தோட்டத்து வீடுன்னா ஏர்ஃபைபர் பாருங்க. மொட்டை மாடில ஒரு பாக்ஸை மாட்டி, மேல கிடைக்கற நல்ல 5ஜியைப் பிடிச்சு, கேபிள் வழியா கீழ கொண்டு வந்து வைஃபையா குடுக்கறது. நம்ம பிரச்சனையே மாடில இருக்கற சிக்னல் கீழ வரலங்கறதுதான, அதுக்கு அளவெடுத்து தைச்ச மாதிரி இருக்கும். ஜியோல 599 ப்ளஸ் ஜிஎஸ்டி, அதாவது 707 ரூபாய்ல ஆரம்பம், மாட்டறதுக்கு 1000 ரூபாய், வருஷத்துக்கு மொத்தமா கட்டினா அந்த ஆயிரம் கிடையாதுன்னு விக்கறாங்க, எடுக்கறப்போ அன்னிய ரேட்டைப் பாத்துக்கோங்க. ஏர்டெல்லயும் இருக்கு. மாடி உங்களுதில்லன்னா ஓனர் அனுமதி வேணும்.

6. பூஸ்டர் வாங்காதீங்க, கெஞ்சிக் கேக்கறேன்

ஆன்லைன்ல தேடினா முதல்ல கண்ணுல படறது இதுதான். மாடில ஒரு ஆன்டெனா, வீட்டுக்குள்ள ஒரு பாக்ஸ், "4ஜி 5ஜி எல்லாம் வரும்"னு பல ஆயிரம் ரூபாய்க்கு வித்துக்கிட்டு இருக்காங்க. நம்ம நாட்டுல லைசென்ஸ் வாங்கின மொபைல் கம்பெனியைத் தவிர வேற யாரும் சிக்னல் பூஸ்டரையோ ரிப்பீட்டரையோ வச்சிருக்கறது, விக்கறது, பயன்படுத்தறது எல்லாமே சட்டவிரோதம், தொலைத்தொடர்புத் துறை 2022 ஜூலைல இதைத் தெளிவா அறிவிச்சிருக்கு. விக்கறவங்க "கவர்மென்ட் அப்ரூவ்டு"னு பில்லுல கூட எழுதிக் குடுப்பாங்க, அதுக்கு மதிப்பில்ல. அமெரிக்கால சான்று வாங்கின பூஸ்டரை வீட்டுல வைக்க அனுமதி உண்டு, அதனால அங்க இருந்து வர்ற யூட்யூப் வீடியோவைப் பாத்துட்டு இங்க வாங்கிராதீங்க.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தப் பாக்ஸ் உங்க போன்ல இருந்து போற சிக்னலோட இரைச்சலையும் சேத்துப் பெருசாக்கி டவருக்கு அனுப்பும். மாடி ஆன்டெனாவும் உள் ஆன்டெனாவும் கிட்டக் கிட்ட இருந்தா ஒண்ணு விடறதை இன்னொண்ணு வாங்கி சுத்திச் சுத்திக் கத்த ஆரம்பிச்சுரும். அப்ப டவருக்கு மத்தவங்க போன் பேசறது காதுல விழாது, உங்க வீட்டுல நாலு பாயிண்ட் ஏறும், தெரு முழுக்க கால் கட்டாகும். அந்தத் தெருவுல யாரோ ஒருத்தர் ஆம்புலன்ஸுக்கு கூப்பிட்டுக்கிட்டு இருக்கலாம். இப்படி இடைஞ்சல் குடுக்கற பாக்ஸை கருவி வச்சுத் தேடிக் கண்டுபிடிக்கறதுக்கே அரசாங்கத்துல தனிப் பிரிவு இருக்கு, பிடிச்சா பாக்ஸ் போகும், மேல நடவடிக்கையும் வரும்.

7. வேற கம்பெனிக்கு மாறுறது

மேப்பைப் பாத்து மாறாதீங்க. 2025 ஏப்ரல்ல இருந்து எல்லாக் கம்பெனியும் அவங்க வெப்சைட்ல கவரேஜ் மேப் போடணும்னு டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) சொல்லிருச்சு, பாக்கலாம், ஆனா உங்க உள் ரூம்ல வருமான்னு அது சொல்லாது. தரங் சஞ்சார்னு அரசாங்க வெப்சைட் இருக்கு, சுத்துவட்டாரத்துல எந்தக் கம்பெனி டவர் எங்க இருக்குன்னு காட்டும், அதையும் பாத்துக்கோங்க. எல்லாத்தையும் விட நல்ல வழி, அந்தக் கம்பெனி சிம் வச்சிருக்கற நண்பரையோ பக்கத்து வீட்டுக்காரரையோ கூப்பிட்டு, உங்க வீட்டு உள் ரூம்ல உக்காரவச்சு அவர் போன்ல டிபிஎம் பாக்கறது. ராத்திரி நேரத்துலயும் ஒரு தடவை பாருங்க. ரெண்டாவது சிம்மா அந்தக் கம்பெனில ஒண்ணு வாங்கி ஒரு மாசம் ஓட்டிப் பாக்கறது இன்னும் நல்லது.

சரின்னு பட்டா, போர்ட் பண்ண வேண்டிய நம்பர்ல இருந்து போர்ட்னு இங்கிலீஷ்ல அடிச்சு ஒரு இடம் விட்டு பத்து இலக்க நம்பரைப் போட்டு 1900க்கு எஸ்எம்எஸ். யுபிசின்னு எட்டு எழுத்துக் கோடு வரும், நாலு நாள்தான் செல்லும். அதையும் ஆதாரையும் எடுத்துட்டு புதுக் கம்பெனி கடைக்குப் போங்க. ஒரே சர்க்கிள்னா மூணு வேலை நாள், வேற மாநில நம்பர்னா அஞ்சு வேலை நாள். மாறுற ராத்திரி கொஞ்ச நேரம் ரெண்டு சிம்மும் வேலை செய்யாது.

மாட்டிக்கிற இடங்கள் இதுதான். இப்ப இருக்கற கம்பெனில 90 நாள் முடிஞ்சிருக்கணும், மாறின பிறகும் இன்னொரு 90 நாள் அங்கதான் இருக்கணும், அதனால அவசரப்பட்டுத் தாவாதீங்க. போஸ்ட்பெய்டுன்னா பில் பாக்கி இருக்கக் கூடாது. ப்ரீபெய்டுல மிச்சம் இருக்கற நாளும் பேலன்ஸும் போயிரும், வருஷ ரீசார்ஜ் போட்டவங்க கணக்குப் பாத்துக்கோங்க. சிம் அப்பா பேர்லயோ மாமா பேர்லயோ இருந்தா அவங்கதான் வரணும், நம்ம ஊர்ல இதுலதான் பாதிப் பேர் கடை வரைக்கும் போய்த் திரும்பி வர்றாங்க.

8. கம்ப்ளைன்ட், எழுத்துல

198க்கு அடிச்சு கம்ப்ளைன்ட் பதியுங்க, இது டோல் ஃப்ரீ. "சிக்னல் இல்ல"ன்னு சொல்லாம, முதல் ஸ்டெப்ல எழுதின பேப்பரை வச்சுக்கிட்டு "மாடில -108, ஹால்ல -118, காலை மாலை ரெண்டு நேரமும் இப்படித்தான், பின்கோடு இது"ன்னு சொல்லுங்க, பேசற விதமே மாறும். டாக்கெட் நம்பர் எஸ்எம்எஸ்ல வரும், அழிக்காதீங்க. எங்களுக்கு "பிரச்சனை தீர்ந்தது"ன்னு மெசேஜ் மட்டும் வந்துச்சு, சிக்னல் வரல. அப்படி மூடிட்டாங்கன்னா 30 நாளைக்குள்ள அதே கம்பெனியோட அப்பீல் அத்தாரிட்டிக்கு மெயில் போடலாம், காசு கிடையாது, 39 நாளைக்குள்ள முடிவு சொல்லணும். தனி ஆள் புகாரை டிராய் நேரா தீர்த்து வைக்காது, அங்க எழுதி நாளை வீணாக்காதீங்க. அப்பீல்லயும் நடக்கலன்னா பிஜி போர்ட்டல்ங்கற மத்திய அரசு புகார் வெப்சைட்ல தொலைத்தொடர்புத் துறைக்கு, இல்ல நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915. டெலிகாம் கம்பெனி மேல நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், 2022ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு.

புது டவர் வெப்பாங்கன்னு எதிர்பாக்காதீங்க. ஆனா ஆன்டெனா சாய்வை மாத்தறது, பழுதான செக்டரை (டவர்ல உங்க பக்கத்துக்கு சிக்னல் குடுக்கற பகுதி) சரி பண்றது நடக்கும், ஒரே தெருவுல இருந்து நாலஞ்சு பேர் தனித்தனியா பதிஞ்சா வேகமா நடக்கும்.

9. அபார்ட்மெண்ட்டா இருந்தா

பேஸ்மென்ட்டும் கீழ் ரெண்டு மாடியும் செத்துக் கிடந்தா அசோசியேஷன் லெட்டர்ஹெட்ல எழுதிக் கேளுங்க. கட்டடத்துக்குள்ளயே சின்னச் சின்ன ஆன்டெனா வச்சு சிக்னல் குடுக்கற ஏற்பாட்டை கம்பெனிதான் சட்டப்படி பண்ண முடியும். எத்தனை வீடு, எந்தக் கம்பெனி சிம் எத்தனை பேர்கிட்ட, மாடிவாரியா டிபிஎம் நம்பர், பதிவுச் சான்று காப்பி, கேபிள் இழுக்க அனுமதிக்கற தீர்மானம், இதெல்லாம் சேத்துக் குடுங்க. மாசக்கணக்கா இழுக்கும், பெரிய குடியிருப்புக்குத்தான் முன்வருவாங்க, அதுவரைக்கும் 3வது ஸ்டெப்தான் துணை.

இந்தத் தேடல்ல இருக்கறப்போ "உங்க மொட்டை மாடில டவர் வைக்கறோம், மாசம் இவ்வளவு வாடகை, அட்வான்ஸ் இத்தனை லட்சம், முதல்ல டாக்ஸும் பதிவுக் கட்டணமும் கட்டுங்க"ன்னு மெசேஜ் வரும், டிராய் லோகோ போட்ட லெட்டர் கூட அனுப்புவாங்க. டவர் வைக்க டிராய் யாருக்கும் என்ஓசி குடுக்கறதில்ல, டவர் வைக்கறவங்க உங்களுக்குத்தான் காசு குடுக்கணும், நீங்க ஒரு ரூபாய் கூடக் கட்ட வேண்டியதில்ல. ஏற்கனவே கட்டிட்டீங்கன்னா தாமதிக்காம 1930க்கு அடிச்சு சைபர் கிரைம்ல பதிஞ்சுருங்க.